காது அடைக்கும் முன்

கல்பாக்கத்தில் இருப்பவர்கள் காதைக் கெடுத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. அலுவலக வேலையாக மும்பைக்குப் போய்ச் சளியோடு விமானம் ஏறித் திரும்புவது ஒன்று. விடுமுறைக்கு அந்தமான் போய், ‘நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லும் ஸ்கூபா நிலையத்தில் பணம் கட்டுவது இன்னொன்று. மூன்றாவதற்கு விமானமும் வேண்டாம், கடலும் வேண்டாம். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிணற்றில் குதித்து, அடிமண்ணை அள்ளிவந்து மேலே இருப்பவர்களிடம் காட்டும் பையன்களின் பந்தயம் போதும். மூன்றிலும் அடிபடும் இடம் ஒன்றுதான், காரணமும் ஒன்றுதான்.

காதுத் துளைக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனால் காதுச்சவ்வு. அதற்குப் பின்னால் இருப்பது நடுக்காது. காற்று நிரம்பிய சின்னஞ்சிறு அறை அது. அந்த அறைக்குக் காற்று வந்துபோக ஒரே வழி, மூக்கின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். எந்நேரமும் அது மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடிக்கொள்ளும்.

இந்தக் குழாய் ஏறக்குறைய சைக்கிள் வால்டியூப் மாதிரி, ஒரு பக்கம்தான் தாராளமாகக் காற்றை விடும். நடுக்காதில் அழுத்தம் கூடினால் காற்று தானாகவே மூக்குப் பக்கம் கசிந்து வெளியேறிவிடும். குறைந்தால் தானாக உள்ளே வராது. தசை இழுத்துத் திறந்துவிட வேண்டும். அதனால்தான் விமானம் மேலே ஏறும்போது யாரும் அழுவதில்லை. அழுகையெல்லாம் இறங்கும்போதுதான்.

வெளி அழுத்தம் உள் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் கூடிவிட்டால், குழாயின் மெல்லிய வாய் ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் பெரும்பாலும் திறக்காது. இந்த 90 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். தண்ணீர்க் கணக்கில் அது வெறும் 1.2 மீட்டர் ஆழம். தரையில் நின்றால் நெஞ்சளவுத் தண்ணீர்.

இன்னொரு கணக்கும் உதவும். பயணிகள் விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால் நம் காதுக்கு அது 6,000 முதல் 8,000 அடி உயரம்தான். ஊட்டியின் உயரம் கிட்டத்தட்ட 7,350 அடி. ஆகவே விமானத்தில் உட்கார்ந்திருப்பது காதைப் பொறுத்தவரை ஊட்டியில் உட்கார்ந்திருப்பது, தரையிறங்குவது மேட்டுப்பாளையத்துக்கு மலையிறங்குவது. 8,000 அடியிலிருந்து கடல்மட்டத்துக்கு வரும்போது கூடும் அழுத்தம் எவ்வளவு? கடலில் இரண்டரை மீட்டர் முங்கினால் எவ்வளவோ அவ்வளவு. விமானம் அந்த வேலையைச் சுமார் 25 நிமிடத்தில் செய்கிறது. கிணற்றில் தலைகீழாகப் பாயும் பையன் மூன்று நொடியில் செய்து முடிக்கிறான்.

ஆழம் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நம் கரையில் பலரும் நினைக்கிறார்கள். காதுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் நடுக்காதுக் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அந்தப் பாதி மறுபடி பாதியாக 30 மீட்டர் வரை போக வேண்டும். காதுக்கு முதல் சில மீட்டர்தான் கண்டம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முங்காளர்கள் பிரிட்டிஷ் குழுவொன்றோடு சேர்ந்து கடலடிக் கட்டுமானச் சிதைவுகளைத் தேடியது 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில்தான். கேட்க அற்பமாக இருக்கும். எட்டு மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல 1.8 மடங்கு. பயிற்சி பெற்றவர்களுக்குக் காதைச் சமன்செய்யத் தெரியும், அதனால் சமாளித்தார்கள்.

காதைத் திறக்கும் முறை

மூக்கின் இரு துவாரங்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடையுங்கள். வாயை மூடுங்கள். மூக்கைச் சிந்துவதுபோல, ஆனால் அதைவிட மென்மையாக, மூக்குக்குள் காற்றைத் தள்ளுங்கள். இரு காதிலும் ‘டப்’ என்று சின்னச் சத்தம் கேட்கும், அல்லது சவ்வு வெளியே உந்துவது தெரியும். அவ்வளவுதான், நிறுத்திவிடலாம். இத்தாலிய மருத்துவர் வல்சால்வா 1704-இல் எழுதிய காது பற்றிய நூலில் இதை விவரித்தார், அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் இதைச் சொன்னது பயணத்துக்காக அல்ல, நடுக்காதில் தேங்கிய சீழை வெளியேற்றத்தான்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, முகம் சிவக்க முக்கி ஊதுவது. குழாய் பூட்டிக்கொண்ட பிறகு பலமாக ஊதினால் அது திறப்பதில்லை. அந்த முக்கல் தலைக்குள் உள்ள திரவத்தின் அழுத்தத்தை ஏற்றி, உட்காதுக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடும். காதுச்சவ்வு கிழிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். இந்த உள் சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம். ஆகவே ஐந்து நொடிக்கு மேல் ஊதாதீர்கள்.

இரண்டாவது முறை இதைவிடச் சாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது. டாயின்பீ என்ற ஆங்கில அறுவை மருத்துவர் பெயரில் வழங்குகிறது. சிலருக்கு முதல் முறை வரும், சிலருக்கு இது. பயணத்துக்கு முந்தைய நாள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் செய்து பாருங்கள். தரையிலேயே இரு காதும் திறக்கவில்லை என்றால், ஆகாயத்திலும் தண்ணீரிலும் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விமானத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கல்பாக்கம் அணுசக்தித் துறை டவுன்ஷிப்பில் வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் கூட்டம், பயிற்சி என்று மும்பைப் பயணமும் வரும். சளி பிடித்தால் குழாயின் உட்சுவர் வீங்கி, வழி குறுகிவிடும். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால், ஆக்சிமெட்டாசோலின் கலந்த மூக்குச் சொட்டு மருந்து பெரியவர்களுக்குக் கைகொடுக்கும். அதை வீட்டிலேயே விட்டுக்கொண்டு கிளம்புவதில் பயன் குறைவு. விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு விட வேண்டும். மும்பையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம் என்றால், புறப்பட்டு ஒரு மணி நேரம் கழித்து. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, போட்டால் மூக்கடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இறங்கும் அறிவிப்பு வந்ததும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுங்கள். தூங்கும்போது விழுங்குவது குறைந்துவிடும், காதும் அடைத்துக்கொள்ளும். மிட்டாய் சப்புவது, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, சூயிங்கம் மெல்லுவது எல்லாமே விழுங்க வைக்கத்தான். பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களில் தட்டில் மிட்டாய் நீட்டியது உபசாரத்துக்காக மட்டுமல்ல. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாக மூக்கைப் பிடித்து ஊதுங்கள். காது கும்மென்று ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பஞ்சை வைத்துக் காதை அடைப்பதால் ஒரு பயனும் இல்லை. அழுத்தத்துக்குப் பஞ்சு ஒரு தடையே அல்ல.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெங்களூரு விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடியில் இருக்கிறது. சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் 52 அடியில். தொலைதூர விமானம் பெங்களூரில் இறங்கும்போது காது தாங்க வேண்டிய மாற்றம், சென்னையில் தாங்குவதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். பெங்களூரில் ஒன்றும் ஆகவில்லையே, சென்னையில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மும்பையும் கடல்மட்டம்தான், அதனால் போகும்போதும் வரும்போதும் காதுக்கு முழு வேலை.

கைக்குழந்தைகளுக்குக் குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும், வீக்கம் சீக்கிரம் அடைத்துவிடும். இறங்கும்போது தாய்ப்பாலோ புட்டியோ கொடுங்கள். ஏறும்போதே முழுப் பாலையும் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டால், இறங்கும் நேரத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது. குழந்தை அழுதால் பக்கத்து இருக்கைக்காரருக்காகச் சங்கடப்பட வேண்டாம். அழுகையே குழாயைத் திறக்கும் நல்ல வழி.

கருவி பழுதோ மறதியோ சேர்ந்தால் சளி இல்லாதவர்களுக்கும் காது அடிபடும். 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 விமானத்தில், உள்ளே அழுத்தம் கொடுக்கும் சுவிட்சை விமானிகள் இயக்க மறந்துவிட்டார்கள். மேலே ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறைந்து, ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. 166 பயணிகளில் 30-க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தக்கசிவு, தலைவலி. விமானம் மும்பைக்கே திரும்பியது. இது அரிதிலும் அரிது. முகமூடி தொங்கினால் முதலில் உங்கள் முகத்தில் மாட்டுங்கள், பிறகு குழந்தைக்கு. காதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கிய பிறகும் ஒரு காது அடைத்தே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலோருக்கு மீனம்பாக்கத்தில் அடைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போதே திறந்துகொள்ளும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

தண்ணீருக்கு அடியில்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய், ஹேவ்லாக் தீவில் ஒரு முறை முங்கிவிட்டு வருவது இப்போது நடுத்தரக் குடும்பங்களின் ஆசைப்பட்டியலில் ஏறிவிட்டது. கோவளம், புதுச்சேரி என்று நம் கரையிலும் ஸ்கூபா பழகலாம். முதல்முறை முங்குபவருக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருப்பார். சுவாசத்தை அவர் பார்த்துக்கொள்வார், காதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் காதுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நீர்மட்டத்தில் இருக்கும்போதே ஒருமுறை ஊதித் திறந்துவிடுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை முன்னே விட்டு இறங்கினால் காது எளிதாகத் திறக்கும். தலைகீழாக இறங்கினால் கழுத்திலும் தலையிலும் இரத்தம் தேங்கிக் குழாய் வீங்கும். ஒரு காது திறக்கவில்லை என்றால் இறங்குவதை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு மீட்டர் மேலே ஏறி, மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் திறக்காவிட்டால் அன்றைய முங்கல் முடிந்தது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினால் என்ன ஆகும்? சவ்வு கிழிந்ததும் வலி சட்டென்று குறையும், குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகும், தலை கிறுகிறுவென்று சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தண்ணீருக்கு அடியில் அந்த நிலையில் திகில்தான் ஆளைக் கொல்லும்.

சைகையில் ஒரு குழப்பம் உண்டு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் முங்காளர்கள் மொழியில் ‘மேலே போவோம்’ என்று பொருள், ‘சூப்பர்’ என்று அல்ல. காதில் பிரச்சினை என்றால் விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காதைத் தொட்டுக் காட்டுங்கள். இதை நிலத்திலேயே ஒருமுறை சேர்ந்து செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு அடைப்பான் போட்டு முங்கவே கூடாது. அடைப்பானுக்கும் சவ்வுக்கும் இடையே சிக்கிய காற்றே சவ்வை வெளிப்பக்கம் இழுத்துக் கிழிக்கும். நீச்சல் கண்ணாடியும் ஆகாது. மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடிதான் வேண்டும், ஏனென்றால் அதற்குள் மூக்கு வழியே காற்று விட முடியும், மேலிருந்தே மூக்கைப் பிடிக்கவும் முடியும்.

விமானத்துக்குச் சொன்ன மூக்குச் சொட்டு மருந்தை முங்குவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இறங்கும்போது வேலை செய்த மருந்து அடியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், ஏறும்போது நடுக்காதுக் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபடும். இறங்காமல் இருந்துவிடலாம், மேலே ஏறாமல் இருக்க முடியாதே. சளியோடு முங்காதீர்கள் என்பதில் விலக்கே இல்லை.

முங்கி முடித்த அன்றே திரும்பும் விமானத்தில் ஏறாதீர்கள். இது காதைவிட, முங்கும்போது இரத்தத்தில் கரைந்து, அழுத்தம் குறைந்தால் குமிழாகும் நைட்ரஜன் சம்பந்தப்பட்டது. ஒரே ஒரு முங்கல் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முங்கல்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் பரிந்துரை. ஒரு முழு நாள் விட்டுவிடுவது நல்லது. கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட அந்தமானில் எவ்வளவோ இருக்கிறது.

கிணறு

நம் மாவட்டத்தில் விவசாயக் கிணறுகளும் தண்ணீர் நிரம்பிய கல்குவாரிக் குட்டைகளும் நிறைய. மண் எடுத்துக் காட்டும் பந்தயத்தில் ஐந்து மீட்டர் போகும் பையனுக்கு யாரும் காதைச் சமன்செய்யச் சொல்லித் தருவதில்லை. ‘காது வலிச்சா பழகிடும்டா’ என்பதுதான் அண்ணன்மார்களின் பாடம். பழகுவதில்லை, கிழிகிறது. மறுநாள் காதில் நீர் ஒழுகுகிறது, பையன் திட்டுக்குப் பயந்து சொல்வதில்லை, வகுப்பில் ‘என்ன சார்?’ என்று இரண்டு முறை கேட்கிறான். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்கள் மூக்கைப் பிடித்து ஊதுவதையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடலாம். அரை நிமிட வேலை.

அடிபட்ட பிறகு

வீட்டில் முதலில் நீளும் கை எண்ணெய்ப் பக்கம் போகும். பூண்டு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். மருந்துக்கடையில் காதைக் காட்டி வாங்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான். சிலவகை மருந்துகள் ஓட்டை வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் நரம்பையே கெடுக்கும். பட்ஸ் குச்சி, கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். காதை உலர்வாக வைத்திருங்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி வெளித்துளையை மூடுங்கள். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் மூடிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் உள்ளே பார்த்த மருத்துவர். விமானம் ஏறலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும்வரை தண்ணீரில் முங்கவே கூடாது.

இரண்டு மூன்று நாளில் அடைப்பு விலகாவிட்டாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அணுசக்தித் துறை ஊழியர் குடும்பங்களுக்கு டவுன்ஷிப் மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களுக்கு சுமார் 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆனால் அறை சுற்றுவதுபோல் தலைசுற்றல், வாந்தி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, ஓயாத இரைச்சல், முகம் ஒரு பக்கம் கோணுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். உட்காது அடிபட்டிருக்கலாம், நாள் தள்ளத் தள்ளக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும். முங்கியதற்குப் பிறகு இவை வந்தால், எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், வலி இறங்கும்போது வந்ததா ஏறிய பிறகு வந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தக் காயமா, நைட்ரஜன் குமிழ்க் கோளாறா என்று பிரிப்பது அந்தப் பதிலில்தான். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

ஏற்கெனவே காதில் அறுவை செய்துகொண்டவர்கள், சவ்வில் பழைய ஓட்டை உள்ளவர்கள், அடிக்கடி சீழ் வடிபவர்கள் முங்கும் ஆசைக்கு முன் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்கூபா நிலையங்களில் முங்குவதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். காதுநோய், சளி, சைனஸ் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக் கையெழுத்திடுபவர்கள்தான் அதிகம். படகு கிளம்பும் அவசரத்திலும் அதை உட்கார்ந்து படியுங்கள், உண்மையை எழுதுங்கள். பணம் போனால் அடுத்த விடுமுறைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.